பிந்தி வரும் ஆராய்ச்சி

எண்ணூர்க் கழிமுகத்தில் முழங்காலளவு நீரில் குனிந்து, பனையோலையால் முடைந்த பறியைப் பற்களால் கவ்விக்கொண்டு, இரு கைகளாலும் அடிச்சேற்றைத் தடவித் தடவி, விரல்நுனியின் உணர்ச்சி ஒன்றையே துணையாகக் கொண்டு இறால் பிடித்து ஜீவனம் நடத்தும் இருளர் சமூகத்துப் பெண்களுக்கு, கொசஸ்தலையாற்றின் தரை எவ்விடத்தில் மணல், எவ்விடத்தில் களி, எவ்விடத்தில் இறால் புதைந்து கிடக்கும் மென்சேறு என்பதெல்லாம் எந்த வரைபடத்தின் உதவியுமின்றித் தெரியும். அந்தத் தரையில் சில ஆண்டுகளுக்கு முன் அவர்கள் கைக்குப் பழக்கமில்லாத ஒன்று தட்டுப்படத் தொடங்கியது. கட்டைவிரல் நீளத்துக்கு அதிகம் மேற்படாத, கருமை படர்ந்த, விளிம்பு கூரிய சிப்பிகள். ஒன்றோடொன்று நூலிழைகளால் பின்னிக்கொண்டு, பிடுங்கினால் கொத்துக் கொத்தாய் வருபவை. மிதித்தால் பாதத்தையும் தடவினால் விரலையும் கீறுபவை. மீனவர்கள் அதைக் காக்கா ஆழி என்று அழைத்தார்கள்.

ஜீவசாஸ்திரிகளின் அட்டவணையில் அதற்கு மைட்டெல்லா ஸ்ட்ரிகேட்டா என்று பெயர். மத்திய அமெரிக்கா, தென் அமெரிக்கா ஆகிய பிரதேசங்களின் கடலோரங்களே அதன் பூர்விகம். பிலிப்பைன்ஸிலும், சிங்கப்பூரிலும், தாய்லாந்திலும் அடுத்தடுத்துக் காணப்பட்ட பிறகு, 2019ஆம் ஆண்டை ஒட்டி அது கேரளத்தின் காயல்களில் பரவியிருப்பதை ஆராய்ச்சியாளர்கள் எழுதி வெளியிட்டார்கள். கொல்லத்தை அடுத்த அஷ்டமுடிக் காயலில் மட்டி எடுக்கும் தொழில், கடல்வளம் குன்றாமல் நடத்தப்படும் தொழில் என்று 2014இல் சர்வதேச நற்சான்று பெற்று, நம் நாட்டிலேயே முதன்முதலாக அந்தச் சிறப்பை அடைந்த தொழில். அத்தகைய காயலிலேயே இந்த அந்நிய ஜீவன் அடித்தரையை ஆக்கிரமித்து, உள்ளூர் மட்டியின் இடத்தைப் பிடித்துக்கொண்டது என்றால், சாம்பலாலும் சுடுநீராலும் எண்ணெயாலும் ஏற்கெனவே நலிந்து கிடந்த எண்ணூர் ஆற்றில் அது என்ன செய்திருக்கும் என்று விவரிக்க வேண்டியதில்லை. மஞ்சள் மட்டியும் பச்சை ஆழியும் அதன் அடியில் மூச்சுத் திணறி மடிகின்றன. சேற்றில் புதைந்து இரை தேடும் இறாலுக்குப் புதையச் சேறு இல்லை. பக்கிங்காம் கால்வாய் வழியாக அது வடக்கே பழவேற்காட்டை நோக்கி நகர்கிறது என்று மீனவர்கள் மனுமேல் மனுவாக முறையிட்டு, கடைசியில் விஷயம் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் முன் போயிற்று.

அது எவ்வாறு இங்கே வந்து சேர்ந்தது? சரக்கில்லாமல் வரும் கப்பல், கடலில் நிலைகொள்வதற்காக ஏதோவொரு துறைமுகத்தில் தன் வயிற்றுக்குள் நிரப்பிக்கொள்ளும் நீரை, சரக்கு ஏற்றும் துறைமுகத்தில் வெளியே கொட்டுகிறது. அந்த நீரோடு அங்கத்திய சிப்பியின் கண்ணுக்குத் தெரியாத இளம்பருவ உயிர்களும் வந்து இறங்குகின்றன. கப்பலின் அடிப்புறத்தில் ஒட்டிக்கொண்டும் வரக்கூடும். இந்த அபாயத்தைத் தடுப்பதற்கான சர்வதேச உடன்படிக்கை 2004இல் உருவாகி, 2017 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தபோது, ஏழாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்குக் குறையாத கடற்கரையை உடைய நம் தேசம் அதில் சேர்ந்திருக்கவில்லை.

இந்தச் சிப்பியின் கதையில் நிகழ்ச்சிகள் வந்த வரிசையை வாசகர்கள் கவனிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். முதலில் கைகள் அறிந்தன; பிறகு வலைகள் அறிந்தன; பிறகு வருமானம் குறைந்து குடும்பங்கள் அறிந்தன; பிறகு மனு, பிறகு வழக்கு; எல்லாவற்றுக்கும் பிறகே அதிகாரபூர்வமான ஆய்வு. நம் கடலோரத்தில் விஞ்ஞான ஆராய்ச்சிக்குக் குறைவில்லை. கடல் தொழில்நுட்பத்துக்கும், கடலோர ஆராய்ச்சிக்கும், உவர்நீர் மீன்வளர்ப்புக்கும் தேசிய அளவிலான ஸ்தாபனங்கள் சென்னை நகரத்திலேயே இருக்கின்றன. அவற்றில் மிக்க திறமையும் நேர்மையும் வாய்ந்த நிபுணர்கள் பணியாற்றுகிறார்கள். ஆயினும் இந்தக் கரையைப் பொறுத்தவரை ஆராய்ச்சி என்பது அநேகமாக ஆபத்து நேர்ந்தபின் அழைக்கப்பட்டு வருவதாகவும், அந்த ஒரே ஆபத்தைப் பற்றி அறிக்கை கொடுத்துவிட்டுத் திரும்பிப் போவதாகவுமே இருந்து வருகிறது. 2025 ஜனவரியில் சென்னைக் கடலோரத்திலும் அதன் வடபுறத்திலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் செத்துக் கரை ஒதுங்கியபோது, கால்நடை வைத்தியர்கள் அவற்றை அறுத்துப் பார்த்து, நீருக்குள் மூச்சடைத்து மாண்டதற்கான அடையாளங்களைக் கண்டு சொன்னார்கள். இழுவலைப் படகுகள் கரையோரத்துக்கு வரக்கூடாது என்ற சட்டம் 1983லேயே இயற்றப்பட்டது. வலையில் அகப்பட்ட ஆமை தப்பிச் செல்வதற்கான சாதனமும் எப்பொழுதோ கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. அந்தப் பிரேதப் பரிசோதனையில் விஞ்ஞானம் புதிதாக அறிந்தது மிகச் சொற்பம்.

திருவள்ளூர் மாவட்டத்தின் கீழ்க்கரையை ஒரே நீர்த்தொகுதி என்று கொள்ளாமல் இந்த விஷயத்தைப் பேச இயலாது. தெற்கே கொசஸ்தலையாற்றின் கழிமுகம். வடக்கே ஆந்திர எல்லையையும் தாண்டி விரியும் பழவேற்காடு ஏரி. இரண்டையும் இணைத்து ஓடும் பக்கிங்காம் கால்வாய். ஏரிக்கும் வங்கக்கடலுக்கும் நடுவே மணல்தீவாக நீண்டு கிடக்கும் ஸ்ரீஹரிகோட்டா. சிலிக்காவுக்கு அடுத்தபடியாக நம் நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. டச்சுக்காரர்கள் 1613இல் இதன் கரையில் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டி, சோழமண்டலக் கரையின் வியாபாரத்துக்கு இதையே தலைமையிடமாக வைத்துக்கொண்டார்கள். தமிழ்நாட்டைச் சேர்ந்த பகுதி 1980 முதல் பறவைகள் சரணாலயம்; பனிக்காலத்தில் பூநாரைகள் ஆயிரக்கணக்கில் ஆழமற்ற நீரில் நின்று மேயும் காட்சியைக் காண எங்கிருந்தோவெல்லாம் ஜனங்கள் வருகிறார்கள். தமிழகப் பக்கம் ஆரணியாறும், ஆந்திரப் பக்கம் காளங்கியும் சுவர்ணமுகியும் இதற்கு நன்னீர் கொணர்கின்றன. மேற்கே எளாவூர், ஆரம்பாக்கம் பக்கம் ஏரியின் கைகள் நீண்டு நெடுஞ்சாலையையும் ரயில் பாதையையும் தொடுகின்றன. கும்மிடிப்பூண்டியின் உருக்கு உலைகளும், ரசாயனக் கூடங்களும், வார்ப்பாலைகளும் நிற்கும் நிலம் கிழக்கு நோக்கிச் சாய்ந்த நிலம். அங்கே பெய்யும் மழை ஏரி, ஓடை, கால்வாய் என்று இறங்கிக் கடைசியில் இந்த உவர்நீரைத்தான் சேர வேண்டும். தொழிற்பேட்டைக்கும் ஏரிக்கும் சம்பந்தமில்லை என்று எண்ணுகிறவர்கள், ஐப்பசி மாதத்தில் ஒரு நல்ல மழைக்கு அடுத்த நாள் எளாவூர்ப் பாலத்தில் நின்று பார்க்கட்டும்.

இந்த மாவட்டத்தில் விஞ்ஞானம் உரிய காலத்தில் வந்து, நீண்ட காலம் நிலைத்து நின்று, ஒரு சட்டத்தையே பிறப்பித்த உதாரணமும் ஒன்று உண்டு. அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் எனது கோரிக்கைக்கு அதுவே ஆதாரம். 1960களின் பிற்பகுதியில் ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டத்தின் துணையுடன் ஆரணியாறு, கொசஸ்தலையாறு வடிநிலம் ஆராயப்பட்டு, மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் ஆகிய இடங்களில் பூமிக்கடியில் நல்ல நீரோட்டம் இருப்பது தெரிந்து, அங்கே கிணற்றுத் தொகுதிகள் அமைக்கப்பட்டு, சென்னை நகரத்துக்கும் மணலியின் புதிய ஆலைகளுக்கும் நீர் இறைக்கப்பட்டது. மீஞ்சூரோ கடலுக்கு வெகு அருகில் உள்ளது. நன்னீர் கடல்நீரைவிட இலேசானது. ஆகையால் கரையோர நிலத்தடியில் அது உப்புநீரின் மேல் மிதந்து, அதை உள்ளே வரவிடாமல் தாங்கி நிற்கிறது. ஹாலந்து தேசத்துப் பொறியாளர் கைபெனும், ஜெர்மானியரான ஹெர்ஸ்பெர்கும் நூறு வருஷங்களுக்கு முன்பே கணக்கிட்டுச் சொன்னபடி, கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ நாற்பதடி ஆழம்வரை உப்புநீர் அண்டாது. மேலே ஓரடியை இறைத்துவிட்டால், காலக்கிரமத்தில் கீழே நாற்பதடி பறிபோகும் என்பதே அதன் மறுபக்கம்.

இறைக்கப்பட்டது ஓரடி அல்ல. மீஞ்சூர்க் கிணறுகளில் உவர்ப்பு 1969லேயே கண்டறியப்பட்டது. 1980களில் கடல்நீர் ஒன்பது கிலோமீட்டர் அளவுக்கு நிலத்தடியில் ஊடுருவியிருந்தது. பிற்காலத்து ஆய்வுகள் பதினான்கு, பதினைந்து கிலோமீட்டர் என்று கூறுகின்றன. நெல் விளைந்த வயல்களின் கிணறுகள் ஒவ்வொன்றாக உப்புக் கரித்தன. எனினும் அதே கிணறுகளில், ஆண்டுதோறும் நீர்மட்டத்தையும் உப்பின் அளவையும் அளந்து வந்தவர்கள் இருந்தார்கள். அண்ணா பல்கலைக்கழகத்து நிலவியல் அறிஞர்களும் அரசாங்கத்தின் நீர்வளத் துறையினரும் தலைமுறை தலைமுறையாக அந்தப் பதிவைத் தொடர்ந்தார்கள். அந்தப் பதிவு இருந்ததனால்தான், உப்பு எப்பொழுது, எவ்வழியாக, என்ன வேகத்தில் வந்தது என்பதை எவரும் மறுக்க முடியாமல் போயிற்று. சென்னை நிலத்தடி நீரை ஒழுங்குபடுத்தும் சட்டமும் 1987இல் வந்தது. இழந்த நன்னீர் முழுவதும் திரும்பிவிட்டதாக நான் சொல்லவில்லை. 2010 முதல் மீஞ்சூரின் பெயரைத் தாங்கிய ஆலையொன்று காட்டுப்பள்ளிக் கரையில் நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் நன்னீரைக் கடல்நீரிலிருந்து பிரித்து எடுத்து, எஞ்சும் கடும் உப்புநீரைத் திரும்பக் கடலில் விடும் நிலைமைக்கு நாம் வந்து சேர்ந்திருக்கிறோம். ஆயினும் ஒரு தீங்கை மறுக்க முடியாதபடி நிரூபிப்பதற்கு, நீண்ட காலம் ஒரே இடத்தில் ஒரே முறையில் செய்த அளவீட்டைப் போன்ற சாதனம் வேறில்லை என்பதை மீஞ்சூர் பிரத்தியட்சமாகக் காட்டுகிறது.

கழிமுகத்துக்கு அவ்வாறான பதிவு வாய்த்ததா? எண்ணூரில் முதல் அனல்மின் நிலையம் 1970இல் வந்தது. 1994 முதல் வடசென்னை நிலையம். 2012 முதல் வல்லூர் நிலையம். நிலக்கரியை எரித்த சாம்பலை நீரில் கரைத்துக் குழாய் வழியாகச் சாம்பல் குளங்களுக்கு அனுப்பும்போது, ஆற்றைக் கடக்கும் குழாய்கள் எத்தனையோ தடவை ஒழுகியும் உடைந்தும் சாம்பற்குழம்பு ஆற்றிலேயே கொட்டியது. செப்பாக்கம் போன்ற ஊர்கள் சாம்பல் குளத்தின் விளிம்பிலேயே இருக்கின்றன. காற்றடிக்கும் காலத்தில் அங்கே திண்ணையிலும் தட்டிலும் தலையிலும் சாம்பல். அந்தச் சாம்பலில் பெரும்பகுதி மணற்சத்தும் அலுமினியச் சத்துமே. ஆனால் ஆர்செனிக், ஈயம், காட்மியம், குரோமியம், பாதரசம் ஆகிய நஞ்சுகளும் சிற்றளவில் உண்டு. அது ஆற்றின் அடியில் அடுக்கடுக்காகப் படியும்போது இரண்டு விதமான கேடு விளைகிறது. ஆழம் குறைந்து ஓதநீர் ஏறி இறங்கும் அளவு சுருங்குகிறது என்பது ஒன்று. சேறு கலந்த நீரை வடிகட்டி உண்ணும் மட்டி, அதைத் தின்னும் நண்டு, நண்டை உண்ணும் மனிதன் என்று நஞ்சு உணவுச் சங்கிலியில் ஏறுகிறது என்பது மற்றொன்று. நீராவியைக் குளிர்விக்க எடுத்த நீர் சூடேறித் திரும்புகிறது. புதிய நிலையங்கள் வெளிவிடும் நீர், அதை ஏற்கும் நீரைவிட 7 டிகிரிக்கு மேல் வெப்பம் மிகக்கூடாது என்பது விதி. ஆனால் சித்திரை, வைகாசியில் ஆழமற்ற கழிமுகத்தின் நீர் தானாகவே காய்ந்து கிடக்கும்போது, அந்த ஏழு டிகிரி மீன்குஞ்சுக்கு எவ்வளவு என்பதை விதி கேட்பதில்லை. சாம்பல் விஷயத்தில் தீர்ப்பாயம் 2022இல் மின்வாரியத்தின் பொறுப்பை நிலைநாட்டி, ஆற்றைச் சீர்செய்ய உத்தரவிட்டது. முதல் குழாய் ஒழுகிய காலத்துக்கும் அந்த உத்தரவுக்கும் இடையே ஒரு தலைமுறை கடந்துபோயிற்று.

எண்ணெயின் கதையும் அத்தகையதே. 2017 ஜனவரி 28ஆம் தேதி விடியுமுன், எண்ணூரின் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரு கப்பல்கள் மோதின. முதலில் பெரிய கசிவு இல்லை என்றே கூறப்பட்டது. கரை கறுத்தபின் கணக்கு வளர்ந்தது. ஹைதராபாத்திலுள்ள கடல்சார் தகவல் மையம், காற்றையும் நீரோட்டத்தையும் கணித்து எண்ணெய்ப் படலம் எப்பக்கம் செல்லும் என்று சொல்ல முடிந்தது. அது போற்றத்தக்க விஞ்ஞானம். ஆனால் கரைக்கு வந்த எண்ணெய்க் குழம்பை மீனவர்களும் மாணவர்களும் வெறும் வாளியால் அள்ளினார்கள். ஆறு ஆண்டுகளுக்குப் பின், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் பக்கமிருந்து எண்ணெய் கால்வாய் வழியே இறங்கி, எண்ணூரின் வீட்டுச் சுவர்களிலும், படகுகளிலும், அலையாத்தி மரங்களின் வேர்களிலும், கூழைக்கடாக்களின் இறகுகளிலும் படிந்தது. அதே மாதம் 26ஆம் தேதி இரவு, பெரியகுப்பத்துக்கு அருகே கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, ஊர் ஜனங்கள் நள்ளிரவில் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஒவ்வொரு தடவையும் ஒரு நிபுணர் குழு. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு கேள்வி. 2017இன் எண்ணெய் படிந்த சேற்றில் 2023இல் என்ன எஞ்சியிருந்தது, அந்தச் சேற்றில் காக்கா ஆழி மட்டும் எவ்வாறு செழித்தது, சுடுநீர் அதற்கு உதவியதா என்று எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்க வேண்டிய கடமை எந்தக் குழுவுக்கும் விதிக்கப்படவில்லை. நீரோ எல்லாவற்றையும் சேர்த்துத்தான் அனுபவிக்கிறது.

மணலைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். நம் கரையில் தென்மேற்குக் காற்றுக் காலத்து அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்துகின்றன. வாடைக் காற்றில் அது ஓரளவே திரும்புகிறது. ஆகவே கடலுக்குள் கல்லணை நீட்டினால் அதன் தென்புறம் மணல் சேரும், வடபுறம் கரை அரிக்கும். சென்னைத் துறைமுகம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இந்தப் பாடத்தைக் கற்பித்தது. மெரினா அகன்றது, ராயபுரம் கரைந்தது. 2001இல் எண்ணூர்த் துறைமுகமும், பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் காட்டுப்பள்ளித் துறைமுகமும் வந்தபின், அரிப்பு பழவேற்காட்டுத் திசையில் நகர்ந்திருப்பதைக் கரையோரக் கிராமங்கள் கண்கூடாகக் காண்கின்றன. ஏரியின் முகத்துவாரமும் அடிக்கடி தூர்ந்துபோகிறது. ஆற்றுவெள்ளம் முகத்தைத் திறந்து வைக்கும் காலம் மாறி, அணைகளும் தடுப்புகளும் நன்னீரைக் குறைத்த பிறகு, கோடையில் ஏரிநீர் கடலைவிட உப்பேறி, இறால் குஞ்சு உள்ளே வர வழியில்லாமல் போகிறது. முகத்துவாரத்தைக் கற்சுவர்களால் நிலைநிறுத்தும் வேலையை அரசாங்கம் எடுத்துக்கொண்டது மீனவர்களின் நீண்டநாள் கோரிக்கைக்கு இணங்கியே. அது பலன் தரவேண்டும் என்பதே என் பிரார்த்தனையும். அந்தச் சுவர்களின் வடபுறத்தில் கரை எவ்வாறு நடந்துகொள்கிறது என்பதை மாதந்தோறும் அளக்க ஏற்பாடு வேண்டும் என்பதை மட்டும் சேர்த்துச் சொல்கிறேன்.

ஆராய்ச்சியைச் செய்கிறவர் யார், அதற்குப் பணம் கொடுப்பவர் யார் என்ற கேள்வியை இனியும் தவிர்ப்பதற்கில்லை. 2006ஆம் ஆண்டின் அறிவிக்கையின்படி, ஒரு தொழில் வரவிருக்கும் இடத்தின் சூழலை ஆராய்ந்து அறிக்கை தயாரிக்கும் ஆலோசகரை நியமித்து ஊதியம் தருவது அந்தத் தொழிலைத் தொடங்க விரும்பும் நிறுவனமே. அநேக சந்தர்ப்பங்களில் ஒரே பருவத்தின் அளவீடு போதுமென்று ஏற்கப்படுகிறது. பழவேற்காட்டைப் போன்ற ஏரிக்கு இதைவிடப் பொருந்தாத முறை இருக்க முடியாது. கார்த்திகையில் ஆற்றுவெள்ளம் புகுந்து ஏறக்குறைய நன்னீராகவும், ஆனியில் கடலைவிட உப்பாகவும் இருக்கும் நீரை, மாசி முதல் மூன்று மாதம் பார்த்துவிட்டு இதுதான் ஏரி என்று எழுதுவது எப்படிச் சரியாகும்? மத்திய அரசாங்கம் 1991 முதல் கடலோர நீரின் மாசை அளக்கும் திட்டமொன்றை நடத்தி வருகிறது. எண்ணூரும் அதில் அடங்கும். அது மெச்சத்தக்க முயற்சியே. ஆனால் தேசத்தின் கரை முழுவதற்குமான அத்திட்டம், ஒரு கழிமுகத்தின் சேற்றையும் மட்டியையும் முகத்துவாரத்தையும் நாள்தோறும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

அவ்வாறு பார்த்துக்கொண்டிருந்தவர்கள் இல்லாமற்போகவில்லை. தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியின் விலங்கியல் பேராசிரியர் பி. ஜே. சஞ்சீவராஜ் பல பத்தாண்டுகள் பழவேற்காட்டின் ஜீவராசிகளை ஆராய்ந்து, அவற்றின் விவரத்தை 2006இல் தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் வாயிலாக நூலாக வெளியிட்டார். எந்தப் பெரிய திட்டத்தின் உத்தரவுமின்றி, ஏரியின் மேல் கொண்ட பற்று ஒன்றினாலேயே செய்த வேலை அது. இன்று ஏரியில் எது குறைந்தது, எது மறைந்தது என்று கேட்கிறவன் அத்தகைய பழைய குறிப்புகளிடமே போய் நிற்க வேண்டியிருக்கிறது.

மீனவர்களுடைய அறிவும் பதிவுதான். பழவேற்காட்டில் பாடு என்று ஒரு வழக்கம் உண்டு: முகத்துவாரத்துக்கு அருகே மீனும் இறாலும் நிறைய அகப்படும் இடங்களில், உரிமையுள்ள தலைக்கட்டுகள் முறைவைத்து வலை கட்டுகின்றன, இன்ன நாள் இன்னாருக்கு இன்ன இடம் என்பது பொதுவில் தீர்மானிக்கப்படுகிறது. சாரா கோல்ட்ஹார்ட் என்ற ஆராய்ச்சியாளர் இந்த ஏரியின் மீனவர்கள் சூழல் மாற்றத்தை எவ்வாறு எதிர்கொள்கிறார்கள் என்று ஆராய்ந்து 2008இல் எழுதிய கட்டுரை உலக அளவில் படிக்கப்படுகிறது. பாடு முறையில் எல்லோருக்கும் நியாயம் கிடைக்கிறது என்று சொல்வதற்கில்லை. அதில் இடம்பெறாத சமூகங்களின் மனக்குறை நியாயமானது. கையால் இறால் தடவும் இருளர் பெண்களுக்கு அங்கே இடமில்லை. ஆனால் தலைமுறைகளாக ஒரே இடத்தில், முறை தவறாமல், கிடைத்தது எவ்வளவு என்று மனத்தில் கணக்கு வைத்திருக்கும் ஜனங்கள் அங்கே இருக்கிறார்கள் என்பதை விஞ்ஞானம் இன்னும் முழுமையாகப் பயன்படுத்திக்கொள்ளவில்லை. காக்கா ஆழியை முதலில் கண்டவர்களிடம், அதைக் கண்ட நாளும் இடமும் எழுதி வாங்க ஒரு மேஜையும் ஒரு புத்தகமும் அத்திப்பட்டிலோ காட்டுக்குப்பத்திலோ இருந்திருந்தால், அது ஆற்றை மூடுவதற்கு முன்னே, சில படகுச் சுமையோடு அதை அகற்றியிருக்கக்கூடும். பரவிய பிறகு அகற்றுவது கோடிக்கணக்கில் செலவு பிடிக்கும் வேலை.

ஆகவே நான் வேண்டுவது பழவேற்காட்டுக் கரையில் நிரந்தரமான ஓர் ஆராய்ச்சி நிலையம். நீரின் உப்பு, வெப்பம், பிராணவாயு ஆகியவற்றை இடைவிடாமல் அளக்கும் கருவிகள் எண்ணூர் முதல் எளாவூர் வரை பல இடங்களில் நட்டுவைக்கப்பட வேண்டும். பருவந்தோறும் சேற்றை எடுத்துச் சோதிக்க வேண்டும். கும்மிடிப்பூண்டி, மணலிப் பக்கத்து ஓடைகள் ஏரியையும் ஆற்றையும் சேரும் வாய்களில் தனியாகக் கண்காணிப்பு வேண்டும். கரையின் எல்லை மாதந்தோறும் குறிக்கப்பட வேண்டும். முடிவுகள் எல்லாம் அன்றன்றே பொதுமக்கள் படிக்கும்படி தமிழில் வெளியாக வேண்டும். அந்நிலையத்தின் ஊதியப் பட்டியலில் குப்பங்களைச் சேர்ந்த ஆண்களும், இருளர் பெண்களும் பார்வையாளர்களாகவும் பதிவாளர்களாகவும் இருக்க வேண்டும். அவர்கள் சொல்வது வாய்மொழி என்று ஒதுக்கப்படாமல் சாட்சியமாக எழுதப்பட வேண்டும். செலவுக்கு, இந்த நீரை உபயோகிக்கும் துறைமுகங்களும் மின் நிலையங்களும் தொழிற்பேட்டைகளும் கட்டாயமாகச் செலுத்தும் நிதி ஒன்று போதும். ஆனால் அந்த நிதியின் நிர்வாகத்தில் அவற்றுக்கு இடம் இருக்கக்கூடாது. உலக வங்கியின் உதவியுடன் அரசாங்கம் அறிவித்த நெய்தல் மீட்சி இயக்கம், அலையாத்தி நடுவதோடு நில்லாமல் இந்தப் பணியையும் மேற்கொள்ளலாம். அலையாத்திக் கன்று நடுவதற்கு வருஷத்தில் சில நாட்கள் போதும். அது பிழைத்ததா, அதன் வேரடியில் என்ன குடியேறியது என்று பார்ப்பதற்குத்தான் ஆட்கள் இல்லை.

இது அவசரமான காரியம். கழிமுகத்தின் எல்லையைப் பற்றியே சச்சரவு நிகழ்ந்த பிரதேசம் இது. 1996இல் மத்திய அரசு ஒப்புக்கொண்ட வரைபடத்தில் பாதுகாக்கப்பட்ட ஓதநிலமாகக் காட்டப்பட்ட பகுதி, பிந்திய வரைபடமொன்றில் காணாமற்போயிற்று என்ற குற்றச்சாட்டு 2017இல் எழுந்தது. இப்பொழுது காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,110 ஏக்கருக்கு, கடலைத் தூர்த்தும் நிலத்தை எடுத்தும், விரிவாக்கும் யோசனை நிலுவையில் நிற்கிறது. அதற்கான பொதுமக்கள் கருத்துக்கேட்பு 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் அறிவிக்கப்பட்டு, இரண்டு தடவையும் ஒத்திவைக்கப்பட்டது. தொழில் வேண்டாமென்று நான் வாதாடவில்லை. கும்மிடிப்பூண்டியின் ஆலைகளில் உழைத்துச் சாப்பிடும் ஆயிரக்கணக்கான குடும்பங்களும் இந்த மாவட்டத்துக் குடும்பங்களே. ஆனால் அந்தக் கூட்டம் மறுபடியும் கூட்டப்படுமானால், அதற்கு முன்னதாக, நிறுவனத்தின் ஆலோசகர் அல்லாத ஆராய்ச்சியாளர்கள் குறைந்தது இரண்டு மழைக்காலமும் இரண்டு கோடையும் இந்த நீரையும் சேற்றையும் கரையையும் அளந்து எழுதிய விவரம், தமிழில் அச்சாகி, காட்டுப்பள்ளியிலும் பழவேற்காட்டிலும் ஒவ்வொரு குப்பத்தின் பஞ்சாயத்துக் கூடத்திலும் மூன்று மாதமாவது ஜனங்கள் படித்துக் கேள்வி கேட்கும்படி வைக்கப்பட வேண்டும். அதுவரை கூட்டத்துக்குத் தேதி குறிக்கக்கூடாது.